கமா உட்பட

அந்த நடைக்கூடத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. நடுவில் நான். இடப்பக்கம் அபி. வலப்பக்கம் அபியின் ஈரக் கோட்டு.

சுவரோரத்து ஹீட்டர் என் வலது காலை மட்டும் வேகவைத்துக்கொண்டிருந்தது. இடது கால் விறைத்துப்போயிருந்தது. திருப்பிப் போட மறந்த தோசையைப்போல உட்கார்ந்திருந்தேன்.

"அங்கிள், டையைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்கோ" என்றாள் அபி, உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடித்துக்கொண்டே. "யூ லுக் கில்டி."

"நான் எப்பவுமே இப்படித்தாம்மா இருப்பேன்."

"தட்ஸ் த ப்ராப்ளம்."

எதிரே மூடிய கதவு. அதற்குப் பின்னால் சிலர் உட்கார்ந்து என் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்தவரையில் அதில் ஒரு குறையும் கிடையாது. தெளிவான நடை, அழகான வாதம், சரியான இடத்தில் முற்றுப்புள்ளி. அதை நான் எழுதவில்லை என்பதுதான் அவர்களுடைய புகார்.

அந்தக் கதவு திறந்து மூடுவதற்குள் நான் திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும். விசா போனால் நானும் போக வேண்டும், நாற்பத்தேழு வயதில், லண்டன் வரை விமானமேறிச் சென்று காப்பி அடித்து மாட்டிக்கொண்டவன் என்ற பட்டத்தோடு, திருச்சிக்கு.

அபி சிப்ஸ் பையை நீட்டினாள். வினிகர் வாசனை. எனக்கு வேண்டாம் என்றேன். "சாப்பிடுங்கோ அங்கிள். உங்கட வயிறு கதைக்கிறது எனக்கே கேக்குது."

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அப்படிப் படிப்பவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் என் மைத்துனர். குற்றம் கண்டுபிடிக்கவே படிக்கிறார்.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்து மூன்று வருடம் கடிதம் எழுதினேன். என் கடிதம் இல்லை. மேலதிகாரி கையெழுத்துப் போட, நான் எழுதிய கடிதங்கள். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி, எதையும் சொல்லாமலே மூன்று பத்தி கடந்து, 'உரிய நடவடிக்கைக்காக' என்று முடியும். ஒன்றிலும் 'நான்' என்ற சொல் வராது. வந்தால் மேலதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவார். 'நீர் யார்?' என்று ஒருமுறை ஓரத்தில் எழுதியும் கேட்டிருக்கிறார். இன்றுவரை அதற்குப் பதில் அனுப்பவில்லை.

நகர வரலாறு படிக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. லண்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, விருப்ப ஓய்வுப் படிவத்தையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தவள் என் மனைவி சுமதி. பள்ளியில் கணக்கு டீச்சர்.

"நீங்க சொந்தமா ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததே இல்ல. இதையாவது எடுங்க" என்றாள்.

"சரி, என்ன முடிவு எடுக்கட்டும்?" என்று கேட்டேன்.

அப்படித்தான் நான் லண்டன் போய்ச் சேர்ந்தேன்.

டூட்டிங்கில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் சிவநேசன், மீன் மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டுகிறவர். நெதர்லாந்தில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர், அதனால் கோபம் வந்தால் டச்சு பேசுவார். அவர் மனைவி மலர் அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறார். அவர்களுடைய ஒரே மகள்தான் அபி. நான் சேர்ந்த அதே கல்லூரியில் சட்டம், இரண்டாம் வருடம். வயது இருபது. அதாவது எனக்கு சீனியர்.

விசாரணைக்குத் துணையாக ஒரு மாணவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. எனக்கு வேறு யாரைத் தெரியும்? முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததுமே ஒரு பெண் ஓடி வந்து, புரொஜெக்டர் வேலை செய்யவில்லை என்று என்னிடம் புகார் சொன்னாள். சரிசெய்து கொடுத்தேன். அந்த வகுப்பில் என் மதிப்பு அதோடு நிலைத்துவிட்டது.

மஞ்சள்

விஷயம் இதுதான்.

முதல் பருவத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். 'ஒரு நகரத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கே குடியேறுகிறார்கள், ஏன்?' எங்கள் பேராசிரியை ஜூடித் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அங்கே ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'மேடம்' என்றால் முகம் சுளிப்பார்கள். நான் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த 'ஜூடித் மேடம்' என்று கூப்பிட்டேன். இரண்டு தரப்பும் திருப்தியடையவில்லை.

அவருடைய புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தேன். ஒரு முறை படித்தேன். மறுமுறை உதடசைத்துப் படித்தேன். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு இடம் போனார். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறைக்கு வந்து, ஒரே மூச்சில் கட்டுரையை எழுதி முடித்தேன். ஒரு சொல்லுக்காகவும் பேனா நிற்கவில்லை. தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு, இந்த வயதிலும் மூளை இப்படி வேலை செய்கிறதே என்று நிஜமாகவே பெருமைப்பட்டேன்.

பத்தாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே என் கட்டுரை, மென்பொருளில் போட்டு எடுத்தது. எந்தெந்த வரி ஏற்கெனவே எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்து அந்த மென்பொருள் மஞ்சள் தடவுமாம். என் கட்டுரை மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்திருந்தது. தலைப்பில் என் பெயர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மேலே ஒரு சதவீதம் போட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிக உயர்ந்த சதவீதம் அது. பள்ளிக்கூடத்தில் எடுத்திருந்தால் அப்பா தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்திருப்பார்.

கமாவுக்கு அரை மார்க்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு எடுத்தவர், விடைத்தாளையும் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துவார். சொல் மாறினால் ஒரு மார்க் போச்சு. கமா விட்டுப்போனால் அரை மார்க். ஒரு பையன் ஒரு தடவை, 'அசோகர் போருக்குப் பிறகு வருத்தப்பட்டார்' என்று எழுதினான். புத்தகத்தில் 'மனம் வருந்தினார்' என்று இருந்தது. அசோகரின் வருத்தம் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது.

அப்படி வளர்ந்த எனக்கு, பாடத்தில் உள்ளதை எழுதிவிட்டுக் கீழே 'இது பாடத்தில் உள்ளது' என்று வேறு எழுத வேண்டும் என்று எப்படித் தோன்றும்? திருத்துகிறவருக்கே தெரியுமே! தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே எழுதுகிறோம்? அதுவும் இது ஜூடித் மேடமே எழுதிய புத்தகம். அவருடைய வாக்கியங்களை ஒரு கமாகூடக் குறையாமல் அவரிடமே ஒப்படைத்தால், படித்துவிட்டுக் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

கலங்கத்தான் செய்தார் என்று பிறகு தெரிந்தது. வேறு காரணத்துக்காக.

கோப்பி, கொப்பி, காப்பி

மின்னஞ்சல் வந்த அன்று சனிக்கிழமை. மத்தியானம் கீழே இறங்கிப் போனேன். சமையலறையில் மலர் அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். சிவநேசன் அண்ணை மேசையில் பாணைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். பாண் என்றால் ரொட்டி.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார்.

"காப்பி கேஸ்ல மாட்டிக்கிட்டேன் அண்ணே."

"கோப்பிக்கோ? கோப்பி குடிச்சதுக்குக் கேஸோ? லைப்ரரிக்குள்ள கொண்டு போனனீரோ?"

"அந்தக் காப்பி இல்ல அண்ணே. காப்பி அடிச்சுட்டேன்னு சொல்றாங்க."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "கொப்பியால அடிச்சனீரோ? ஆருக்கு?"

அவர்கள் ஊரில் கொப்பி என்றால் நோட்டுப் புத்தகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. "ஜூடித் மேடத்தோடது" என்றேன்.

"இஞ்சேரப்பா!" என்று அடுப்படியிலிருந்து மலர் அக்கா அலறினார். "வெள்ளைக்காரப் பொம்பிளைக்கு அடிச்சுப் போட்டாராம்!"

காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்த அபி அதைக் கழற்றினாள். "அப்பா! அம்மா! ப்ளேஜரிசம்! ஹீ காப்பீட். எக்ஸாமில பாத்து எழுதுற மாதிரி."

"ஓ, கொப்பி அடிச்சது! அப்பிடிச் சொல்லுமன்!" என்றார் அண்ணை, பெரிய நிம்மதியோடு. பிறகு முகம் மாறியது. "நீர் ஏன் கொப்பி அடிச்சனீர்? படிச்ச மனுசன்."

அவர் என்னை 'நீர்' என்பார். அந்த ஊரில் அது பிரியத்தோடு சொல்வது. ஆனால் நாடகத்து ராஜாவையும் சிவப்பு மை மேலதிகாரியையும் தவிர வேறு யாரும் 'நீர்' என்று சொல்லிக் கேட்டிராத எனக்கு, ஒவ்வொரு தடவையும் தலைமேல் வாள் தொங்குவதுபோலவே இருக்கும்.

"பார்த்து எழுதல அண்ணே. மனப்பாடம் பண்ணி எழுதினேன்."

"பாடமாக்கினனீரோ? முழுவதையுமோ?"

"ஒரு அத்தியாயம்தான்."

அபி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வக்கீலின் கண்ணை அன்றுதான் அவளிடம் பார்த்தேன். "வெயிட். யூ ஆர் சேயிங், புத்தகம் பக்கத்தில இல்லை?"

"இல்ல."

"இப்பவும் சொல்லுவீங்களா?"

சொன்னேன். 'புதிதாக வருகிறவர்கள் முதலில் தேடுவது மலிவான வாடகை. அடுத்ததாக, வேலைக்குப் போய்வர ஒரு ரயில் பாதை. இந்த இரண்டும் சந்திக்கும் இடமே அவர்களுடைய பேட்டையாகிறது' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, இரண்டு பத்தி நிற்காமல் போனேன். மலர் அக்கா கரண்டியோடு வந்து நின்று கேட்டார். மீன் கருகியது.

நான் முடித்ததும் அண்ணை சிரித்தார். "ஆர் சொன்னது, வாடகை மலிவெண்டு? நாங்கள் வரேக்க இதைவிட மலிவா எத்தினை இடம் கிடந்தது! ரயிலோ? ரயிலில ஏறவே எனக்குப் பயம். பாசை தெரியாது, எங்க இறங்குறதெண்டு தெரியாது."

"பின்ன ஏன் அண்ணே இங்க வந்தீங்க?"

"கடைக்கு மேல ஒரு மாஸ்டர் இருந்தவர். போம் நிரப்பித் தருவார். விசாப் போம், கவுன்சில் போம், பிள்ளையின்ர பள்ளிக்கூடப் போம், எல்லாம். இந்த நாட்டில போம் இல்லாமல் மூச்சுவிட ஏலாது. அவருக்குக் கிட்ட இருந்தால்தான் பிழைக்கலாமெண்டு சனம் வந்தது. அவர் ரெண்டு தெரு தள்ளி வீடு மாறினவர். நாலு குடும்பம் பின்னால மாறினது. நாங்களும்தான்!"

போம் என்றால் படிவம், கவுன்சில் என்றால் நம்மூர் நகராட்சி மாதிரி. சுவாரசியமான கதைதான். ஆனால் ஜூடித் மேடம் அச்சில் இருந்தார், சிவநேசன் அண்ணை அச்சில் இல்லை. ஆகவே மேடம் சொன்னதே சரி என்று முடிவு செய்து, கருகிய மீனைச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன்.

உள்ளே

கதவு திறந்தது. அழைத்தார்கள்.

உள்ளே நீள மேசை. தலைவர் கோலின் என்பவர், ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியே வைத்திருந்தார். வேறு துறையைச் சேர்ந்த ஒருவர். குறிப்பெடுக்க ஓர் அம்மாள். ஓரத்தில் ஜூடித் மேடம், கையில் தன் புத்தகத்தோடு. ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. எடுக்கலாமா, எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமா என்று தெரியவில்லை.

"இதை எழுதும்போது புத்தகம் உங்கள் அருகில் இருந்ததா?" என்று கோலின் கேட்டார்.

"இல்லை."

"இணையத்திலிருந்து எடுத்தீர்களா?"

"இல்லை."

"அப்படியானால் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?"

"ஜூடித் மேடத்திடமிருந்து."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்தோ பேச்சு வந்தது. "ஐயா, திருடுகிறவன் பொருளை மறைப்பான். நான் எடுத்ததை உரியவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர் கண்ணில் படாது என்று நினைத்திருந்தால் நான் முட்டாள். படவேண்டும் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மரியாதை."

குறிப்பெடுத்த அம்மாள் ஒரு கணம் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அபி கையைத் தூக்கினாள். வீட்டில் பேசும் அபி இல்லை இது. "அவர் மனப்பாடமாக எழுதினார் என்பதுதான் எங்கள் தரப்பு. நீங்களே சோதித்துப் பாருங்கள்" என்றாள், ஒரு சொல் பிசகாத ஆங்கிலத்தில்.

கோலின் புத்தகத்தை வாங்கி, மூன்றாம் அத்தியாயத்தில் எங்கோ விரலை வைத்து, அரை வரி படித்தார். நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம். அவர் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. ஓரிடத்தில் ஒரு சொல்லை நான் இரண்டு முறை சொன்னதும், "அங்கே தடுமாறிவிட்டீர்கள்" என்றார்.

"இல்லை ஐயா. புத்தகத்தில் இரண்டு முறை இருக்கிறது."

பார்த்தார். இருந்தது. ஜூடித் மேடம் புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். "அச்சுப்பிழை" என்றார் மெல்ல. "எட்டு வருடமாக யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்."

"பிழை என்று எனக்கும் தெரியும் மேடம். ஆனால் திருத்த நான் யார்?"

இந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று நான் நினைத்தேன். நம் ஊரில் வந்திருக்கும். சால்வைகூடப் போர்த்தியிருப்பார்கள். இங்கே கோலின் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

கோலின் சொன்னார்: "நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு இப்போது அதைவிடப் பெரிய கவலை. இந்தப் படிப்பில் நாங்கள் மதிப்பிடுவது உங்களுடைய சிந்தனையை. இந்தக் கட்டுரையில் மதிப்பிட ஒரு வாக்கியம்கூட இல்லை. நீங்கள் இந்தப் படிப்பைத் தொடர வேண்டும் என்றால், ஒரு வாக்கியமாவது எங்களுக்கு வேண்டும்."

ஜூடித் மேடம் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் ஒப்புக்கொள்ளாதது ஏதாவது இருக்கிறதா?"

ஒரு வாக்கியம்

அந்த மாதிரிக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆசிரியர் கேட்டதில்லை. மேலதிகாரி கேட்டதில்லை. சுமதி கேட்பாள், ஆனால் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

தலைக்குள் தேடினேன். அத்தியாயம் முழுக்க வரிசையாக நின்றது, அணிவகுப்பு மாதிரி. அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். இருட்டு. அபி மேசைக்கடியில் என் ஷூவை மிதித்தாள். அவள் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. மிதிக்கக் கூடாது என்று இல்லை.

"வாடகை..." என்றேன். "வாடகை பற்றி மேடம் எழுதியது தவறு என்று... மன்னிக்க வேண்டும்."

"மன்னிப்பு வேண்டாம். மேலே சொல்லுங்கள்."

"நான் இருக்கும் வீட்டுக்காரர் டூட்டிங் வந்தது வாடகைக்காக இல்லை. ரயிலுக்காகவும் இல்லை. அங்கே ஒருவர் படிவம் நிரப்பித் தருவாராம். அவருக்குப் பக்கத்தில் இருக்க வந்தார்களாம். அவர் வீடு மாறியபோது இவர்களும் மாறினார்களாம்."

"அது ஒரு குடும்பத்தின் கதை" என்றார் மேடம். "ஆதாரம் ஆகாது."

"ஆமாம் மேடம்" என்றேன் உடனே. இருபத்து மூன்று வருடப் பழக்கம். அத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் தலைக்குள் நின்ற அணிவகுப்பு அப்போது ஒரு வேலை செய்தது. வரிசை வரிசையாகத் தன்னைத் தேடிப் பார்த்தது.

"ஆனால் மேடம், படிவம் என்ற சொல்லே உங்கள் அத்தியாயத்தில் இல்லை. விண்ணப்பம் இல்லை. கவுன்சில் அலுவலகம் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் கட்டடத்தின் பெயராக. புதிதாக வந்தவன் முதல் வருடம் முழுக்க அந்தக் காகிதங்களோடுதான் வாழ்கிறான். நானும் அப்படித்தான் வாழ்கிறேன். அதை நீங்கள் கேட்கவே இல்லை."

"வரவே இல்லையா? உறுதியாகத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாமல் அந்த அத்தியாயத்தில் ஒரு சொல் கிடையாது."

மேடம் புத்தகத்தைத் திறக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி வெற்றுப் பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "அந்த வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பத்து நிமிடம். நான் அபியின் சிப்ஸ் முழுவதையும் தின்றுவிட்டேன்.

தீர்ப்பு இது: ஏமாற்று இல்லை, தவறான எழுதும் முறை. மூன்று வாரத்தில் மறுபடி எழுத வேண்டும். எவ்வளவு நன்றாக எழுதினாலும் தேர்ச்சி மதிப்பெண்தான், அதற்கு மேல் இல்லை. அதுவும் தேறாவிட்டால் ஊருக்குக் கிளம்பலாம்.

"வீ வொன், அங்கிள்!" என்று அபி நடைக்கூடத்திலேயே என் தோளில் ஓங்கி அடித்தாள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனப்பாடம் செய்வதாக இருந்தால் மூன்று வாரத்தில் மூன்று புத்தகம் முடித்திருப்பேன்.

சமையலறைச் சர்ச்சை

'நான் நினைக்கிறேன்' என்று ஒரு வரி எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. எழுதுவேன், உடனே அழிப்பேன். யாரோ சிவப்பு மையோடு பின்னால் நிற்பதுபோல இருக்கும். 'கருதப்படுகிறது' என்று மாற்றுவேன். அபி கடந்து போகும்போது எட்டிப் பார்ப்பாள். "ஹூ கருதப்படுகிறது? ஆர் அந்த ஆள்?" அழித்துவிட்டு மறுபடி 'நான்'.

அண்ணையை உட்காரவைத்து முறையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடிக்குறிப்பில் உங்கள் பெயர் வரும் என்று சொன்னதும் அவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"இனிஷல் போட்டனீரோ?"

"போட்டுட்டேன் அண்ணே."

"அது 'கே' இல்லை, 'சி'. எங்கட அப்பர் கந்தையாவின்ர பேரை நான் 'சி' போட்டுத்தான் எழுதுறனான். டச்சுக்காரன் பதிஞ்சது அப்பிடி."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மலர் அக்கா குழாயை மூடினார். "மாஸ்டர் போம் நிரப்பினவர் எண்டோ எழுதுறீங்கள்?"

"ஆமா அக்கா."

"மாஸ்டர் எங்க நிரப்பினவர்? அவற்ர மனிசியெல்லோ நிரப்பினது! மாஸ்டர் கதிரையில இருந்து தேத்தண்ணி குடிப்பார். அவதான் குசினி மேசையில வச்சு ஒவ்வொரு கேள்வியாக் கேட்டு எழுதுவா. கடைசியில சாட்சிக் கையெழுத்து மட்டும் மாஸ்டர் வைப்பார். அவ வீடு மாறினதாலதான் நாங்கள் மாறினது."

"விசர்க் கதை கதையாதையும்!" என்றார் அண்ணை. தொடர்ந்து டச்சில் ஏதோ சொன்னார்.

"டச்சில கத்தினாப் போல உண்மை மாறாது. அபியின்ர பள்ளிக்கூடப் போம் ஆர் எழுதினது? அந்த மனுசனுக்கு அபியின்ர பேரே எழுதத் தெரியாது. தம்பி, நீங்கள் உண்மையை எழுதுங்கோ."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு ஆதாரங்கள், ஒன்றுக்கொன்று முரண். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. அண்ணைதான் முதலில் சொன்னவர். அக்காதான் படிவத்தை நேரில் பார்த்தவர். யாரை நம்புவது என்று நானே முடிவு செய்ய வேண்டும். செய்தால் இந்த வீட்டில் ஒருவர் சோறு போடுவார், ஒருவர் போடமாட்டார்.

சோறு போடுகிறவர் பக்கம் சாய்ந்தேன் என்று மைத்துனர் எழுதுவார். இல்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்: "அக்கா, படிவத்துல என்னென்ன கேட்டாங்கன்னு நினைவிருக்கா?" அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார், இருபது கேள்விக்கு மேல். அண்ணைக்கு ஒன்றும் ஞாபகமில்லை. தேநீர் நன்றாக இருந்தது மட்டும் ஞாபகமிருந்தது.

கட்டுரையில் எழுதினேன்: படிவம் நிரப்பியது அந்த அம்மாள்தான் என்று நான் நினைக்கிறேன், அவர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லாததற்கு, எழுதியவர் அவரும் கையெழுத்திட்டவர் கணவருமாக இருந்ததே காரணம் என்றும் நினைக்கிறேன். இருபத்து மூன்று வருடம் அடுத்தவர் கையெழுத்துக்காக எழுதியவனுக்கு, அந்த ஒரு வரிக்கு மட்டும் யாருடைய புத்தகமும் தேவைப்படவில்லை.

அண்ணை இரண்டு நாள் என்னை 'நீங்கள்' என்று கூப்பிட்டார். கோபம். மூன்றாம் நாள் 'நீர்' திரும்பிவிட்டது.

பச்சை மை

கட்டுரை திரும்பி வந்த அன்று வெயில் அடித்தது. லண்டனில் அது தனிச் செய்தி. அபி, அண்ணை, அக்கா மூன்று பேரும் பின்னால் நிற்க, மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு மஞ்சளும் இல்லை. தேர்ச்சி. மலர் அக்கா என் தலையில் கைவைத்துவிட்டு அடுப்பை அணைக்க ஓடினார். அண்ணை அடிக்குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, தன்னுடையதும் மனைவியுடையதும் சம அளவில் இருக்கின்றனவா என்று விரலால் அளந்தார்.

படிவம் நிரப்பிய அம்மாள் பற்றிய பத்திக்குப் பக்கத்தில், ஜூடித் மேடம் பச்சை நிறத்தில் நான்கு வரி எழுதியிருந்தார். 'நான் இதை ஏற்கவில்லை. சுவாரசியமான கருத்து, ஆனால் தவறு என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வாருங்கள். சண்டை போடலாம்.'

அதை மூன்று முறை படித்தேன். மனப்பாடமாகிவிட்டது, அது என் பிழை இல்லை. பிறகு சுமதியைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"பாஸ் பண்ணிட்டேன்."

"அப்பாடா!" என்றாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. மூன்று வாரமாக அவளும் விடவில்லைபோல.

"அது மட்டுமில்ல. நான் எழுதினத அவங்க ஒத்துக்கலையாம். தப்புன்னு நினைக்கிறாங்களாம். நேர்ல வந்து சண்டை போடச் சொல்லியிருக்காங்க!"

"அதுக்கு ஏங்க இவ்வளவு சந்தோஷம்? நான் இருபது வருஷமா அதைத்தானே செய்யறேன்?"

அவள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அப்படியே சொன்னேன். எதிர்முனையில் மணி அடித்தது.

"இருங்க, கிளாஸ் முடிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்றாள் சுமதி. குரலில் ஒரு புது உற்சாகம். "ஏன் ஏத்துக்கலன்னு யோசிச்சு வைங்க."